மணல் வளவில் ஊர்க்கோழி வளர்ப்பவர்களுக்கு

எங்கள் ஒழுங்கையில் யாராவது புதிதாகக் கோழி வாங்கினால் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, “அக்கா, என்ன தீன் போடுறது?” என்பதுதான். தீனைப் பற்றிப் பிறகு பேசலாம் என்பேன். திருகோணமலைக் கரையோரத்தில், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் நான் பார்த்த வரையில் வீட்டுக் கோழி பசியால் சாவது அபூர்வம். இரவில் கூடு சரியாகப் பூட்டப்படாமல் மரநாயிடம் போகும். பகலில் கீரியிடமும் காகத்திடமும் குஞ்சுகள் போகும். இவை எல்லாவற்றுக்கும் தப்பியவை, தடுப்பு மருந்து விடாத காரணத்தால் ஒரே கிழமையில் மொத்தமாகச் செத்துப் போகும். மூன்றையும் நம்மால் தடுக்க முடியும். கோழியின் விதி என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டிருப்பதை என்னால் ஏற்க முடியாது. நாம் வளர்க்கிற உயிர் அது.

கூடு

10 கோழிக்கு 6 அடி நீளம், 4 அடி அகலமுள்ள கூடு இரவுக்குப் போதும். பகலில் அவை வளவில் மேயட்டும். தரையிலிருந்து 2 அடி உயரத்தில் கால் வைத்துக் கட்டினால் மாரி வெள்ளம் உள்ளே வராது, கீழே விழும் எச்சத்தையும் கூட்டி அள்ளலாம். உள்ளே கோழி ஏறி உறங்கக் கம்பு வேண்டும். இரண்டு அங்குல அகலத்தில், விளிம்பு மழுக்கியது நல்லது. ஒரு கோழிக்கு 8 அங்குல இடம் கணக்குப் பாருங்கள். கம்புகளை ஒரே உயரத்தில் கட்டினால் மேல் இடத்துக்கான சண்டை குறையும். முட்டைப் பெட்டி கம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டிக்குள்ளேயே படுத்து முட்டையை அசிங்கமாக்கிவிடும்.

கடையில் ‘கோழி வலை’ என்று தருகிற மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே வைத்திருக்க உதவும். மரநாயை வெளியே நிறுத்த அது போதாது. பிய்த்துக்கொண்டு வந்துவிடும், குஞ்சுக் கீரியும் எலியும் வலைக் கண் வழியாகவே நுழையும். அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள, ஒட்டு வைத்த கம்பி வலையை வாங்குங்கள். விலை கூடத்தான். ஆனால் கூட்டில் காசு செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இதுதான். மற்றதெல்லாம் பழைய பலகையில் செய்யலாம்.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை, உப்புக் காற்று. வலை சீக்கிரம் துருப்பிடிக்கும், அதுவும் ஆணி அடித்த இடத்திலும் நிலத்தைத் தொடும் இடத்திலும்தான் முதலில். பார்வைக்கு நன்றாக இருக்கும், தொட்டால் உதிரும். மாதத்தில் ஒரு தடவை சுற்றிவரப் பெருவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். உதிர்கிற இடத்தை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும், நாளைக்கு என்று வைக்கக் கூடாது.

அப்புறம் மணல். நாயும் கீரியும் மணலை நொடியில் தோண்டிவிடும். கூடு நிலத்தோடு இருந்தால் வலையை ஓரடி ஆழத்துக்குப் புதைக்கலாம். அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. வெளிப்புறமாக ஒன்றரை அடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்க விரித்து, சுவரோடு சேர்த்துக் கட்டி, மேலே உடைந்த புளொக் கல்லை அடுக்கிவிடுங்கள். தோண்டுகிற விலங்கு சுவரோரத்தில்தான் தோண்டத் தொடங்கும். கால் வைத்த இடத்திலேயே கம்பி தட்டினால் விட்டுவிட்டுப் போய்விடும்.

கூரைக்குக் கிடுகு குளிர்ச்சி, ஆனால் மரநாய் ஓலையை விலக்கி மேலிருந்து இறங்கும். அதனால் கிடுகுக்குக் கீழேயும் வலை அடிக்க வேண்டும். தகரம் போட்டால் அதன் மேல் கிடுகு வேயுங்கள். வெறும் தகரத்தின் கீழ் கோழி வெந்துபோகும். மேற்குப் பக்கத்தை அடைத்துவிடுவது நல்லது, பின்நேர வெயிலும் கச்சான் என்கிற வெக்கைக் காற்றும் அந்தப் பக்கமிருந்துதான் வரும். வடகிழக்குப் பக்கத்துக்கு ஏற்றி இறக்கக்கூடிய ஒரு கிடுகுத் தட்டி போதும், மாரியில் இறக்கிவிடலாம். மற்ற இரண்டு பக்கமும் வலையாகவே இருக்கட்டும். காற்றோட்டம் இல்லாத கூட்டில் எச்ச நெடி ஏறிக் கோழிக்குச் சளி பிடிக்கும்.

கதவுக்கு வெறும் கொக்கி போதாது, திறக்க இரண்டு அசைவு தேவைப்படுகிற பூட்டு வேண்டும். நம் ஊரில் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டித்தான் பொழுது படும். கோழி தானாக ஏறிவிடும், நாம் எண்ணிப் பார்த்து அடைக்க வேண்டும். எண்ணாமல் அடைப்பது அடைக்காததற்குச் சமம், ஏனென்றால் அடைக்கு உட்கார நினைக்கிற பேடு ஏதாவது பற்றைக்குள் ஒளிந்திருக்கும். கோயில் திருவிழா, கலியாண வீடு என்று வெளியே போகிற மாலைகளில்தான் கதவு மறந்து போவது வழக்கம். அடுத்த வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

எது வந்து போனது

இழப்பு நடந்தால் முதலில் தடயத்தைப் பாருங்கள். கூட்டுக்குள்ளேயே பல கோழிகள் கழுத்துக் கடியோடு கிடந்தால் கீரி அல்லது மரநாய். பகல் என்றால் கீரி, இரவு என்றால் பெரும்பாலும் மரநாய். ஒரு கோழி மட்டும் இல்லை, வேலி வரைக்கும் இறகு சிதறிக் கிடக்கிறது என்றால் தெருநாயோ நரியோ தூக்கிப் போயிருக்கலாம். முட்டை ஓடுகூட மிஞ்சாமல் காணாமல் போனால் பாம்பையோ உடும்பையோ நினையுங்கள். குத்தி உடைத்த ஓடு கிடந்தால் காகம். எது என்று தெரிந்தால்தான் எந்த ஓட்டையை அடைப்பது என்று தெரியும்.

மீன் இறங்குகிற கரைக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் காகத் தொல்லை அதிகம். முதல் மூன்று கிழமைக் குஞ்சைக் காகமும் பருந்தும் விடாது. கடற்றொழிலாளர் கழித்துப் போடுகிற பழைய வலை நம் ஊரில் கேட்டால் சும்மா கிடைக்கும். முற்றத்தின் ஒரு மூலையில் நாலு கம்பு நட்டு, ஆளுயரத்துக்கு மேலே அதை இழுத்துக் கட்டுங்கள். தொய்வாக விடக் கூடாது. தொங்குகிற நைலோன் நூல் கோழியின் காலில் சுற்றி இறுகினால் காலே அழுகிப் போகும். கட்டி முடித்ததும் தொங்குகிற நுனிகளைக் கத்தரித்து, விழுந்த துண்டுகளையும் பொறுக்கி எடுங்கள், கோழி புழுவென்று நினைத்து விழுங்கும். வலையைத் தரை வரை இறக்கவும் வேண்டாம், பாம்பு சிக்கும்.

பாம்பு பெரும்பாலும் எலியைத் தேடி வருகிறது, முட்டை பிறகுதான். இரவில் தீனைக் கூட்டில் விடாதீர்கள், தீன் மூட்டையை மூடியுள்ள வாளியில் வையுங்கள். எலி குறைந்தால் பாம்பும் குறையும். சாரை என்றால் அது பாட்டில் போகட்டும். நாகமோ புடையனோ இருக்கலாம் என்பதால், முட்டைப் பெட்டிக்குள் பார்க்காமல் கையை விடவே வேண்டாம். இருட்டில் போகும்போது ரோச் லைற்றும் காலில் செருப்பும் கட்டாயம். இதைப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், முட்டை எடுக்க ஓடுவது அவர்கள்தான்.

தண்ணீர், கச்சான், தீன்

ஒரு கோழி நாளுக்குக் கால் லீற்றர் அளவு தண்ணீர் குடிக்கும். கச்சான் வீசுகிற மாதங்களில் அது இரண்டு மடங்காகும். கோழிக்கு வியர்வை இல்லை. வாயைத் திறந்து இளைத்து, சிறகை அகட்டித்தான் சூட்டைக் கழிக்கும். அப்படி ஒரு கோழி நிற்பதைக் கண்டால் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் உடனே வேண்டும். மண்சட்டியில் ஊற்றி வேப்ப மர நிழலில் வையுங்கள், மத்தியானம் ஒரு தடவை மாற்றுங்கள். பிளாஸ்ரிக் வாளியில் வெயிலில் நின்ற தண்ணீரைக் கோழி தொடாது. கரையோரக் கிணறுகள் கோடையில் உவர்க்கும். நம் வாய்க்கு உவர் தட்டினால் கோழிக்கும் வேண்டாம், முக்கியமாகக் குஞ்சுக்கு. குழாய்த் தண்ணீர் கொடுங்கள்.

வெக்கை நாளில் தீனைக் காலை வெயில் ஏறுமுன்னும் பின்நேரம் நாலு மணிக்குப் பிறகும் போடுங்கள். செரிக்கும்போது உடம்பில் சூடு ஏறும் என்பதால் மத்தியானத் தீன் நல்லதல்ல. வத்தகப்பழத் தோலை வெட்டிப் போட்டால் சந்தோசமாகக் கொத்தும்.

முட்டையிடுகிற கோழி ஒன்றுக்கு நாளுக்கு 100 முதல் 120 கிராம் வரை தீன் வேண்டும். வளவில் மேய்கிற ஊர்க்கோழிக்கு அதில் பாதியைக் கையால் போட்டால் மீதியைத் தானே தேடிக்கொள்ளும். குறுணல், தவிடு, கொஞ்சம் தேங்காய்ப் புண்ணாக்கு, முருங்கை இலை, சமையலறைக் கழிவு எல்லாம் சரி. புண்ணாக்கிலும் சோளத்திலும் பூஞ்சணம் பிடித்திருந்தால் எறிந்துவிடுங்கள். பூஞ்சணத்தில் உண்டாகும் அஃப்ளாடொக்சின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், அவித்தாலும் போகாது. மாரியில் ஒரு கிழமைக்குத் தேவையானதை மட்டும் வாங்குவது புத்தி.

மீன் தலையும் குடலும் நமக்குத் தாராளமாகக் கிடைக்கும், கோழிக்கு அருமையான புரதம். அவித்து, காயவைத்து, இடித்துத் தவிட்டோடு கலந்து கொடுங்கள். அவிக்குமுன் தலையைத் திறந்து தூண்டில் முள் இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். அளவு மீறினால் முட்டையில் மீன் வாடை அடிக்கும். கருவாட்டுக் கழிவு மட்டும் வேண்டாம். உப்பு ஏறினால் கோழி தண்ணீர் தண்ணீராகக் கழிந்து, தள்ளாடி விழும். குஞ்சு என்றால் செத்தே போகும்.

முட்டை ஓடு மெல்லிசாக வந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. கரையில் பொறுக்கிய சிப்பியை நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்புப் போகக் கழுவி, காயவைத்து, அரிசிக் குறுணல் அளவுக்கு இடித்துத் தனிச் சிரட்டையில் வையுங்கள். தேவையான கோழி தேவையான அளவு தின்னும். தீனோடு கலக்க வேண்டாம். முட்டைக்கோழித் தீனைக் குஞ்சுக்குப் போடவும் வேண்டாம், அதிலுள்ள அதிகச் சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அடையும் குஞ்சும்

பனையோலைக் கடகத்தில் வைக்கோல் பரப்பி, 10 முதல் 12 முட்டை வையுங்கள். ஒரு கிழமைக்கு மேல் பழையதாகாத முட்டையாக இருக்க வேண்டும், கழுவக் கூடாது. இடி முழக்கத்துக்குப் பயந்து கடகத்தில் இரும்புத் துண்டும் கரியும் வைப்பார்கள். என் அம்மா வைத்தார், நானும் வைக்கிறேன், அதனால் கோழிக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. ஏழாம் நாள் இரவு இருட்டில் முட்டைக்குப் பின்னால் ரோச் பிடித்துப் பாருங்கள். சிவந்த நரம்பு ஓடினால் கரு உண்டு, தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம். 21-ஆம் நாள் பொரிக்கும். அடைக்கோழி தினம் ஒரு தடவை இறங்கித் தின்று, குடித்து, சாம்பல் குளிக்க வழி செய்யுங்கள்.

பொரித்த முதல் நாள் குஞ்சுக்குத் தீன் அவசரமில்லை, வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். தண்ணீர் வையுங்கள், ஆழமில்லாத தட்டில், கூழாங்கல் பரப்பி. இல்லாவிட்டால் விழுந்து நனைந்து குளிரில் போய்விடும். முதல் மூன்று கிழமை தாயோடு கரப்பின், அதாவது கவிழ்த்த கூடையின் கீழ் வைத்திருங்கள், பிறகு வலைக்குக் கீழே விடலாம். குஞ்சுத் தீன் வாங்க முடிந்தால் அதுவே நல்லது. பழைய சட்டிக்குள் வைக்கோலும் சாணியும் திணித்துக் கறையான் பிடித்துப் போடுவது நம் ஆட்களின் வழக்கம், குஞ்சு சடசடவென்று வளரும்.

மூன்று கிழமையிலிருந்து ஆறு கிழமை வரைக்குமான குஞ்சுகள் உடலைக் குறுக்கிக்கொண்டு நின்று, எச்சத்தில் இரத்தம் கண்டால் அது இரத்தக் கழிச்சல். ஈரமான படுக்கையில் பெருகுகிற கிருமி அது. இதற்கு மருந்து உண்டு, மிருக வைத்திய அலுவலகத்தில் அன்றைக்கே கேளுங்கள். ஈர உமியை அள்ளி எறிந்து புது உமி போடுங்கள்.

மாரி

ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரைக்கும் நம் பக்கத்தில் மழை. இந்த மாதங்களில் கூட்டின் தரை காய்ந்திருப்பதுதான் பாதி வைத்தியம். ஆலையில் உமி வாங்கி மூன்று நாலு அங்குலத்துக்குப் போட்டு, இரண்டு நாளுக்கு ஒரு தடவை கிளறுங்கள். கையில் எடுத்து இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், மாற்ற வேண்டும்.

மழை விட்டதும் நுளம்பு வரும், நுளம்போடு கோழி அம்மை வரும். கொண்டையிலும் கண்ணோரத்திலும் பொருக்கு. இது வைரஸ் நோய், நேரடி மருந்து இல்லை. நோயுற்றதைத் தனியே எடுத்து, பொருக்கைப் பிய்க்காமல் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசுங்கள். புண் சீழ் பிடிக்காமலும் ஈ மொய்க்காமலும் இருக்க அது உதவும். கண் மூடியிருந்தால் தீன் தெரியாது, குழைத்த சோற்றைக் கையால் ஊட்டுங்கள். வாய்க்குள் பரவாவிட்டால் சில கிழமையில் தேறிவிடும். சிறகில் குத்துகிற தடுப்பு மருந்து இருக்கிறது, மழைக்கு முன்னே கேட்டு வையுங்கள். சிரட்டை, ரயர், பூச்சட்டியில் தேங்கும் தண்ணீரைக் கவிழ்ப்பது கோழிக்கும் நல்லது, டெங்கு வராமல் நமக்கும் நல்லது.

தெள்ளும் பேனும் எல்லாக் காலத்திலும் உண்டு. பகலில் பலகை இடுக்கில் ஒளிந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும் ஒரு செந்நிறப் பூச்சி இருக்கிறது. இரவில் வெள்ளைத் துணியால் கம்பின் அடிப்பக்கத்தைத் துடைத்தால் சிவப்புக் கறை தெரியும். கம்புகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி வெயிலில் போடுங்கள். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் புள்ளியாக ஒட்டியிருக்கும் தெள்ளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் மூச்சு முட்டிச் சாகும். கோழி புரண்டு குளிக்க, காய்ந்த மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்த ஒரு குழி, மழை படாத இடத்தில், எப்போதும் இருக்க வேண்டும்.

றாணிக்கெற்

இனி நான் மிகவும் கவலைப்படுகிற விஷயம். றாணிக்கெற், அதாவது வெள்ளைக் கழிச்சல். கோழி தூங்கி வழியும், மூச்சு இழுக்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், சிலதற்குக் கழுத்து முறுகும், சிலது அறிகுறி எதுவும் இல்லாமலே காலையில் செத்துக் கிடக்கும். வந்த பிறகு மருந்து இல்லை. நாம் விழுங்குகிற கப்சூலை உடைத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வைரஸுக்கு அது வேலை செய்யாது.

தடுப்பு மருந்து வேலை செய்யும். பொதுவாக ஏழாம் நாளில் கண்ணில் ஒரு சொட்டு, ஒரு மாதமளவில் மறுபடியும், பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை. சரியான திகதியை உங்கள் மிருக வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். சிக்கல் என்னவென்றால் ஒரு குப்பியில் இருப்பது நூற்றுக்கணக்கான கோழிக்கான அளவு, கரைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். அதனால் பத்துக் கோழி வைத்திருக்கிறவர் தனியாகப் போக யோசிக்கிறார், யோசித்தே விட்டுவிடுகிறார்.

எங்கள் ஒழுங்கையில் இதை எல்லாரும் சேர்ந்து செய்கிறோம். முந்தின நாள் வீடு வீடாகச் சொல்லி, அன்றைக்குக் கோழியைத் திறந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வோம். ஒருவர் முச்சக்கர வண்டியில் போய் ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் மருந்தை எடுத்து வருவார். அதைக் கொண்டுவருவதும் வைத்திருப்பதும் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில்தான் நடக்க வேண்டும், வெயில் படக் கூடாது. விடியற்காலை, கோழி கூட்டில் இருக்கும்போதே தொடங்குவோம். ஒருவர் பிடிக்க, ஒருவர் கண்ணில் ஒரு சொட்டு விட்டு, கோழி கண்ணைச் சிமிட்டும் வரை காத்திருக்க வேண்டும். சிமிட்டாமல் விட்டால் மருந்து வழிந்து போகும். நோயாக நிற்கிற கோழிக்குப் போடுவதில்லை. மருந்து பட்ட கையால் உங்கள் கண்ணைக் கசக்காதீர்கள், சிவந்து எரியும். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஒரு வீடு விடுபட்டாலும் அந்த வளவுக் கோழிதான் வேலிக்கு மேலால் நோயைக் கொண்டுவரும், அதனால் விருப்பமில்லாதவர் வீட்டுக்கு நான் இரண்டாம் முறையும் போவேன்.

நோய் வருகிற இன்னொரு வழி, புதுக் கோழி. சந்தையில் வாங்கியது எதுவானாலும் மூன்று கிழமை தனிக் கூட்டில், தனிச் சட்டியில் இருக்கட்டும். நம் கோழிக்குத் தீன் போட்ட பிறகுதான் அதன் பக்கம் போக வேண்டும். கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ மாமா ஆசையாகக் கொண்டுவந்த சேவலுக்கும் இதே விதிதான், அவர் குறைநினைத்தாலும் பரவாயில்லை.

அப்படியும் சடுதியாக இரண்டு மூன்று செத்தால் மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலா இல்லையா என்று பார்க்க வேண்டியதும் அவர்கள்தான். மீந்ததை அவசரமாக விற்காதீர்கள், அறுத்து அயலுக்குக் கொடுக்காதீர்கள், செத்ததைக் கடலிலோ தெருவோரத்திலோ எறியாதீர்கள். கிணற்றிலிருந்து தள்ளி மூன்றடி ஆழத்தில் குழி வெட்டி, சுண்ணாம்புத் தூள் போட்டு மூடி, நாய் தோண்டாமல் மேலே கல் வையுங்கள். படுக்கை உமியை எரித்து, கூட்டைச் சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கதவைத் திறந்து வெயில் படவிட்டு, ஒரு மாதமாவது வெறுமையாக வைத்திருங்கள். அதன் பிறகு வாங்கும்போது வளர்ந்த கோழியை விட, ஏழாம் நாள் சொட்டு மருந்து விட்ட குஞ்சாகப் பார்த்து வாங்குங்கள்.